கூரைக்கு ஏறும் முன் மீட்டரைப் பார்ப்போம்



தொழில் நடத்தும் வாசகர்கள் இப்போது எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கூரையில் சோலார் போட்டால் கரண்ட் பில் எவ்வளவு குறையும்?" கேட்பவர்களில் நூற்பாலை வைத்திருப்பவர்கள் உண்டு, ஃபவுண்டரிக்காரர்கள் உண்டு, நாலு லேத் போட்டுப் பட்டறை நடத்துபவர்களும் உண்டு. இந்த இதழின் கட்டுரைகள் அவர்களை மனதில் வைத்துத்தான் தயாராகியிருக்கின்றன.

கொங்கு நாட்டுத் தொழிலும் மின்சாரமும் சேர்ந்தே வளர்ந்தவை. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கோவையில் மில்கள் வரிசையாக எழுந்தன. அதே ஊர்தான் 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் மின்வெட்டில் தவித்தது. டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடிய பட்டறைகள் எத்தனை, ஓட முடியாமல் பூட்டியவை எத்தனை என்பதை அந்தத் தெருக்களில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொந்தமாகக் காற்றாலை வைத்திருந்த மில்கள் கொஞ்சம் மூச்சு விட்டன. சின்னப் பட்டறைக்கு அந்த வழி இல்லை. சோலார் பேனல் வந்தபோது சின்னப் பட்டறைக்காரர்களுக்கு ஏற்பட்ட ஆசை அந்த நாட்களில் விதைக்கப்பட்டது.

ஆசைப்பட நல்ல காரணமும் இருக்கிறது. 2010இல் மத்திய அரசு சூரியசக்தி இயக்கத்தைத் தொடங்கியபோது வைத்த இலக்கு 2022க்குள் 20,000 மெகாவாட். அப்போது ஏலத்தில் யூனிட் 12 ரூபாயை ஒட்டி வந்ததையே பெரிய சாதனை என்றார்கள். 2017இல் ராஜஸ்தானின் பட்லா பூங்காவுக்கான ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்திருந்தது. கருவேல முள்ளும் வெயிலுமாகக் கிடந்த பூமி அது. 2025 ஜனவரியில் நாட்டின் மொத்த சூரிய மின் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

ஆனாலும் கேள்விக்கு நேரடியான பதில் இதுதான்: பேனல் எவ்வளவு பெரியது என்பதைவிட, உங்கள் பட்டறை எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதே பில்லைத் தீர்மானிக்கும்.

உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். யூனிட் கணக்கு ஒரு வரி. டிமாண்ட் கட்டணம் இன்னொரு வரி. மாதம் முழுவதிலும் சில நிமிடத் துண்டு ஒன்றில் நீங்கள் தொட்ட உச்சம் எதுவோ, அதை வைத்து கே.வி.ஏ. கணக்கில் போடுவது அது. அந்த உச்சமோ, ஒப்பந்த அளவில் 90 சதவீதமோ, எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். காலையிலும் மாலையிலும் உச்ச நேரமாகக் குறித்த மணிகளில் ஓடும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடி.

இப்போது கூரையைப் பாருங்கள். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அதில் பெரும்பகுதி காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள் வந்துவிடும். மாலை உச்ச நேரத்தில் அதனால் உதவி இல்லை. இருட்டிய பிறகு இரண்டு ஃபர்னஸை ஒரே சமயத்தில் ஏற்றினால் டிமாண்ட் பழைய உச்சத்தையே தொடும், கூரையில் எத்தனை பேனல் இருந்தாலும் சரி. யூனிட் குறைந்திருக்கும், டிமாண்ட் வரி அசையாமல் நிற்கும். "இவ்வளவு செலவு செய்தும் சொன்ன அளவு குறையவில்லையே" என்ற மனக்குறை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு விஷயம். விற்க வருபவர்களில் பலர் இதைப் பேசுவதே இல்லை. ஒரு தொழிற்சாலை 400 கிலோவாட் இழுக்கிறது, பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.98 என்று வைத்துக்கொள்வோம். அருமையான நிலை. நண்பகலில் கூரை 300 கிலோவாட் தருகிறது. மின்வாரியத்திடமிருந்து வருவது 100 கிலோவாட்டாகக் குறைகிறது. ஆனால் மோட்டார்கள் தங்கள் காந்தப்புலத்துக்காகக் கேட்கும் மின்சாரம் குறைவதில்லை. அது முழுவதும் வாரியத்தின் கம்பியிலிருந்தே வந்தாக வேண்டும். விளைவு, வாரியத்தின் மீட்டரில் பவர் ஃபேக்டர் 0.78க்கு விழுந்துவிடும். 0.90க்குக் கீழே போனால் அபராதம். எந்த இயந்திரமும் கெடவில்லை, யாரும் தவறு செய்யவில்லை, அபராதம் மட்டும் வந்து நிற்கும். கெப்பாசிட்டர் பேனலைச் சரியான இடத்திலிருந்து அளக்க வைத்தாலோ, இன்வர்ட்டரையே அந்த வேலையையும் பார்க்கும்படி அமைத்தாலோ தீர்ந்துவிடும் சிக்கல்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள். நிறுவிய பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கடினம்.

ஸ்மார்ட் எனர்ஜி மேனேஜ்மென்ட் என்று பெரிய பெயரில் விற்கப்படுவதன் உள்ளடக்கம் எளிமையானது. வாசலில் ஒரே மீட்டர் இருப்பதற்குப் பதிலாக கம்ப்ரசருக்கு ஒன்று, ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டுக்கு ஒன்று, ஒவ்வொரு ஃபர்னஸுக்கும் ஒன்று என்று தனித்தனி மீட்டர் வைத்து, நிமிடத்துக்கு நிமிடம் ஒரு திரையில் பார்ப்பது. டிமாண்ட் எல்லையை நெருங்கும்போது எச்சரிப்பது, அவசரமில்லாத மோட்டாரைச் சற்று நிறுத்தி வைப்பது. எந்த வேலையை நண்பகலுக்குத் தள்ளலாம் என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பம்புகள், குளிர்நீர் சேமிப்பு எல்லாம் வெயில் நேரத்துக்கு மாறச் சம்மதிக்கும் வேலைகள். 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் விதிகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன: வெயில் நேர மின்சாரம் மலிவாகவும், உச்ச நேர மின்சாரம் விலை கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன அவை.

மீட்டர் வைத்த முதல் வாரத்திலேயே கம்ப்ரசர் மாட்டிக்கொள்ளும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட் அமைதியாக இருக்கும்போது நின்று கேளுங்கள், எங்கோ உஸ்ஸென்று சத்தம் வரும். காற்றுக் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 7 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய 3 கிலோவாட் மின்சாரத்தைக் காற்றாகக் கரைக்கிறது. ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 24,000 யூனிட். அதே 24,000 யூனிட்டைக் கூரையிலிருந்து எடுக்க வேண்டுமானால் சுமார் 16 கிலோவாட் பேனல் போட வேண்டும். ஒரு புது ஹோஸும் கிளிப்பும் செய்யக்கூடிய வேலைக்குப் பல லட்ச ரூபாய்க் கடன் எதற்கு? மின்விசிறிகளும் அப்படித்தான். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும். அதற்கான டிரைவ் இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது. முதலில் கசிவை அடைத்து, தேவையைக் குறைத்து, மிச்சத் தேவைக்கு ஏற்ற அளவில் பேனல் போடுங்கள். வரிசை மாறினால் தேவைக்கு மேல் பேனல் வாங்குவீர்கள்.

இந்த வேலையில் மிக முக்கியமானவர் என்று நான் நினைப்பது ஷிஃப்ட் எலக்ட்ரீஷியனை. எந்த மோட்டார் மூன்று முறை ரீவைண்டிங் ஆனது, எந்த ஃபர்னஸை மூடி போடாமல் காத்திருக்க வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் திரை வைப்பதோ முதலாளியின் அறையில். தயவுசெய்து அதை ஷெட்டுக்குள்ளும் வையுங்கள். மிச்சமானதில் ஒரு பங்கு அவருக்கும் போகட்டும். இதை நான் கேட்டுக்கொள்வது உபசாரத்துக்காக அல்ல. யார் பார்க்க வேண்டுமோ அவர் பார்க்காத எண்ணால் ஒரு யூனிட்டும் மிச்சமாகாது.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சிமென்ட் ஷீட் கூரை பேனலின் பாரத்தைத் தாங்காது, அதன்மேல் ஆள் ஏறுவதே உயிருக்கு ஆபத்து. பொறியாளர் பார்க்காமல் யாரையும் மேலே ஏற்றாதீர்கள். பஞ்சுத்தூசி பறக்கும் இடத்தில் பேனலைக் கழுவ ஆளும் தண்ணீரும் தேவை. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரையே இல்லாதவர்களுக்கு, பலர் சேர்ந்து வேறிடத்தில் நிலையம் அமைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் முறையைப் பற்றி உள்ளே தனிக் கட்டுரை இருக்கிறது.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது பில்லோடு முடிகிற விஷயமும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, எஃகு, அலுமினியம் போன்றவற்றுக்குக் கரியமில எல்லை வரியை 2023 அக்டோபரில் கணக்குக் கேட்கும் கட்டமாகத் தொடங்கி, 2026இலிருந்து பணம் சார்ந்த கட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆடைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் திருப்பூரில் துணி வாங்குபவர்கள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இயந்திரவாரியாக அளந்து வைத்திருப்பவர் ஒரு தாளை எடுத்து நீட்டிவிடுவார். அளக்காதவருக்கு ஆர்டர் கையை விட்டுப் போகலாம் என்ற கவலை எனக்கு உண்மையிலேயே இருக்கிறது.

பெரிய ஆலைகளுக்கு ஆலோசகர்கள் கிடைப்பார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு, பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்லும் அனுபவமே ஆலோசனை. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். சோலார் போட்டவர்கள், போடுவதற்கு முந்தைய ஆண்டு பில்லையும் பிந்தைய ஆண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். யூனிட், டிமாண்ட், பவர் ஃபேக்டர் மூன்றையும் குறிப்பிடுங்கள். எதிர்பார்த்தது கிடைக்காதவர்கள் அவசியம் எழுதுங்கள். அந்தக் கணக்குகளை மின்பொறியாளர்களிடம் காட்டி, அவர்கள் தரும் விளக்கத்தோடு அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்