பெட்டிக்குப் பணமா, தடைக்குப் பணமா?

இலங்கையின் அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்கள், 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வைத்துப் பூட்ட வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்தார்கள். மனம் உடைந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2017-ல் முடிவு வெளியானது. பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதே நாட்டில் பலன் தந்தது தடை. 1984-ல் பாரத்தியான், 1995-ல் மோனோகுரோட்டோபாஸ், 1998-ல் எண்டோசல்பான், 2008 முதல் 2011-க்குள் பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் என்று கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். 1995-ல் லட்சம் பேருக்கு 57 ஆக இருந்த தற்கொலை விகிதம், 2015-ல் 17 ஆகக் குறைந்தது. இருபது ஆண்டுகளில் சுமார் 93 ஆயிரம் உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இந்தத் தடைகளால் விளைச்சல் சரிந்ததாகவும் தெரியவில்லை. 2021-ல் அங்கே ரசாயன உரம், மருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தி விவசாயத்தைக் கவிழ்த்தார்களே, அது வேறு கதை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அறக்கட்டளைகளுக்குப் பெட்டி பிடிக்கும். கொடுக்கலாம், எண்ணலாம், படம் எடுக்கலாம். தடைக்கான வேலை கண்ணுக்குத் தெரியாது. எந்த மருந்தால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று மருத்துவமனைப் பதிவேடுகளில் தேட வேண்டும். பதிவுக் குழுவின் முன் அந்தக் கணக்கை வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதற்கும் பணம் தர ஆள் வந்தது நல்ல செய்தி. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே உள்ள மையத்துக்கு, அமெரிக்காவின் கிவ்வெல் அமைப்பின் பரிந்துரையில் 2017-ல் 13 லட்சம் டாலர் கிடைத்தது. இந்தியாவும் நேபாளமும் அதன் முதல் களங்கள். ‘வெளிநாட்டுப் பணம், உள்நோக்கம் இருக்கும்’ என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. கணக்கைக் கேளுங்கள், தவறில்லை. மருந்துக் கம்பெனி பிரதிநிதி நம் ஊருக்கு வந்து போகும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எனக்கு உள்ள குறை வேறு. தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்தியது. 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குத் தற்காலிகத் தடைக்கு மேல் அதிகாரம் தரவில்லை. நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். ஆணை வந்ததும் விவசாயி கேட்ட முதல் கேள்வி, ‘பதிலுக்கு எதை அடிப்பது?’ அதற்கு மருந்துக்கடைக்காரர்தான் பதில் சொன்னார். சிவப்பு முக்கோண டப்பா போய் மஞ்சள் முக்கோண டப்பா வந்தது.

பதில் நம்மிடம் இல்லாமல் இல்லை. நெல்லில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டு, யூரியாவைப் பிரித்துப் போட்டாலே புகையான் பாதி அடங்கும். பருத்தியில் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி, ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசல். பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் மருந்து. இதைப் பக்கத்து வயலில் கண்ணால் பார்க்காமல் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு பருவம் முழுக்க வாராவாரம் வயலில் இறங்கிப் பூச்சி எண்ணிக் காட்ட ஆள் வேண்டும். பல கிராமங்களைச் சுமக்கும் ஓர் உதவி வேளாண்மை அலுவலரால் அது முடியாது.

தடைக்காகப் பணம் ஒதுக்கும் அறக்கட்டளைகள் அதில் ஒரு பங்கை இந்த ஆள்களின் சம்பளத்துக்கும், விளைச்சல் குறைந்தால் செயல்விளக்க வயல்காரருக்கு ஈடு கொடுக்கவும் ஒதுக்க வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் தங்கள் வட்டாரத்தில் எந்தப் பயிருக்கு, எந்த வாரத்தில், எந்தச் சிவப்பு முக்கோண மருந்து அதிகம் விற்கிறது என்று இந்தப் பருவத்திலேயே குறித்துவைத்தால், பணத்தை எங்கே முதலில் இறக்குவது என்று கேட்பவருக்கு நாம் விரல் நீட்டிக் காட்டலாம்.