பாய்லர் வேலைக்குப் போகலாமா?

பாய்லர் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை கிடைக்கிறது. சம்பளமும் பரவாயில்லை. ஆனால் வீட்டில் ஒரே வாக்குவாதம்!

"வேண்டவே வேண்டாம்" என்கிறாள் தாய். "சும்மா இருப்பதற்கு இது மேல்" என்கிறார் தகப்பனார். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்போ, பிட்டர் படிப்போ முடித்த பையன் நடுவில் நின்று விழிக்கிறான்.

ஆலைகள் உள்ள ஊர்களில் இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்கவில்லை.

"இந்த வேலை ஆபத்தானதா?" என்று கேட்டுப் பயன் இல்லை. ஆபத்தானதுதான். "இந்தக் கம்பெனி பாய்லருக்குப் பயப்படுகிறதா?" என்று கேட்க வேண்டும்!

பெரிய குக்கர்

பாய்லர் என்பது என்ன? கொதிகலன். நம் வீட்டுக் குக்கரின் பெரிய அண்ணன்.

தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுக்காமல் மூடி வைத்தால் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில்தான் ஆலை ஓடுகிறது.

சிறிய ஆலைகளின் பாய்லரிலேயே, குக்கரில் இருப்பதைப்போல் பத்து மடங்கு அழுத்தம் இருப்பது சாதாரணம். மின்சார நிலையங்களில் நூறு மடங்கையும் தாண்டும்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். பாய்லருக்குள் 180 டிகிரியைத் தாண்டியும் அது தண்ணீராகவே அடைபட்டுக் கிடக்கும். இரும்பு கிழிந்தால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகிச் சீறும்!

விசில் அடங்கும் முன் குக்கர் மூடியை எந்தத் தாயும் திறப்பதில்லை. பாய்லர் தொழிலின் முதல் பாடமும் அதுதான்.

தாயின் பயம் வீண் பயமா?

இல்லை. நடந்ததைப் பாருங்கள்.

2017 நவம்பர் 1-ந் தேதி, உத்தரப்பிரதேசத்தில் உள்ள ஊஞ்சாகார் அனல் மின் நிலையத்தில் விபத்து. பாய்லரின் அடியில் சாம்பல் கட்டிக்கொண்டது. பாய்லரை நிறுத்தாமலே அதை அகற்றும் வேலை நடந்தது. வெடித்துச் சீறிய சூட்டில் 40-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள்.

நம் நெய்வேலியில், 2020-ஆம் ஆண்டு, இரண்டாம் அனல் மின் நிலையத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு விபத்துக்கள். மே 7-ந் தேதி ஒன்று. ஜூலை 1-ந் தேதி இன்னொன்று. ஜூலை விபத்தில் 6 பேர் அன்றே இறந்தார்கள். காயம் அடைந்தவர்களில் மேலும் பலர் பிறகு ஆஸ்பத்திரியில் உயிர் விட்டார்கள்.

பெரிய நிலையங்களிலேயே இப்படி என்றால், அவசரமாகப் பழுதுபார்க்கப்படும் சின்ன ஆலையைப்பற்றித் தாய் கவலைப்படுவது நியாயம்தானே?

தகப்பனார் சொல்வது தவறா?

அதுவும் இல்லை. இது மதிப்புள்ள தொழில்.

நெல் அவிக்க ஆவி வேண்டும். சர்க்கரை காய்ச்ச ஆவி வேண்டும். துணிக்குச் சாயம் ஏற்ற, காகிதம் உலர்த்த, பால் காய்ச்ச, எல்லாவற்றுக்கும் ஆவி வேண்டும். ஆவி இருக்கும் இடமெல்லாம் பாய்லர் இருக்கும். பாய்லர் இருக்கும் இடமெல்லாம் பழுதும் இருக்கும்.

தண்ணீரில் உள்ள உப்பு குழாய்களில் படியும். படிந்தால் சூடு நீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கும். குழாய் வெந்து வீங்கி ஓட்டை விழும். அந்தக் குழாயை அறுத்து எடுத்துப் புதுக் குழாய் பொருத்த வேண்டும். சர்க்கரை ஆலைகளில் கரும்பு அரவை முடிந்ததும் இந்த வேலை மும்முரமாக நடக்கும்.

திருச்சியில் மத்திய அரசின் பெல் நிறுவனத்தின் பாய்லர் தொழிற்சாலை 1965-ல் தொடங்கியது. அதைச் சுற்றித் துவாக்குடிப் பக்கம் எத்தனையோ சிறு பட்டறைகள் முளைத்தன. அழுத்தக் குழாயை ஒழுகாமல் ஒட்டத் தெரிந்த வெல்டருக்கு வளைகுடா நாடுகளிலும் கிராக்கி உண்டு. கையில் தொழில் இருந்தால் பட்டினி இல்லை என்று தகப்பனார் சொல்வது உண்மைதான்.

ரத்தத்தில் எழுதிய சட்டம்

1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. மறு ஆண்டே வங்காளத்தில் பாய்லர் சோதனைச் சட்டம் வந்தது. 1905-ல் அமெரிக்காவில் பிராக்டன் நகரில், ஒரு செருப்புத் தொழிற்சாலையில் பழைய பாய்லர் வெடித்தது. 58 பேர் மாண்டார்கள். 1907-ல் அந்த மாகாணம் பாய்லருக்குச் சட்டம் போட்டது.

இந்தியா முழுவதுக்குமான சட்டம் 1923-ல் வந்தது. அதன் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் இருக்கிறது. பாய்லருக்குள் இறங்கி வேலை செய்பவரின் பாதுகாப்பைப் பற்றியும், தகுதி உள்ளவரே பழுதுபார்க்க வேண்டும் என்பது பற்றியும் அது பேசுகிறது.

ஆகவே சட்டம் இருக்கிறது. கம்பெனி அதை மதிக்கிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி.

ஐந்து கேள்விகள்

பெண் கொடுப்பதற்கு முன் எத்தனை பேரிடம் விசாரிக்கிறார்கள்! பையனை வேலைக்கு அனுப்பும்போது மட்டும் சம்பளத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இனி இந்த ஐந்தையும் கேட்கட்டும்.

ஒன்று: கம்பெனிக்குப் பாய்லர் பழுதுபார்க்க அங்கீகாரம் உண்டா? பாய்லரின் உடலை வெட்டி ஒட்டும் முன் பாய்லர் இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் அனுமதி வாங்குகிறார்களா? வாங்கினால் காகிதம் இருக்கும். காட்டச் சொல்லலாம்.

இரண்டு: வெல்டருக்குச் சான்றிதழ் உண்டா? புதுப் பையனுக்கு யார் தொழில் சொல்லித் தருவார்கள்? முதல் நாளே தனியாக உள்ளே இறக்கும் இடம் ஆகாது.

மூன்று: உள்ளே இறங்கும் முன் என்ன செய்கிறார்கள்? பாய்லர் ஆற வேண்டும். பக்கத்துப் பாய்லரின் ஆவி குழாய் வழியே வந்துவிடாதபடி வால்வை மூடிப் பூட்டி, குழாயை அடைக்க வேண்டும். உள்ளே நல்ல காற்று இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வெளியே ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். உள்ளே எடுத்துச் செல்லும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது.

நான்கு: நியமனக் கடிதம் உண்டா? இ.எஸ்.ஐ., பி.எப். இரண்டும் பையன் பெயரில் கட்டப்படுமா? விபத்துக்குப் பிறகு "இவன் எங்கள் ஆளே இல்லை" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

ஐந்து: ஆலை முதலாளி "இன்று ராத்திரிக்குள் ஓட்டியாக வேண்டும்" என்று நெருக்கினால் கம்பெனி என்ன சொல்லும்?

இந்த ஐந்தாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் மேல்! ஆலை ஒரு நாள் நின்றால் முதலாளிக்கு நஷ்டம். அதனால் அவர் அவசரப்படுவார். "ஆறும் வரை எங்கள் ஆள் இறங்க மாட்டான்" என்று சொல்லும் கம்பெனி நல்ல கம்பெனி. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், இறங்குடா" என்று சொல்லும் கம்பெனி, எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம்.

இதற்குக் கம்பெனி முதலாளியிடம் நேரான பதில் கிடைக்காது. அங்கே வேலை பார்த்து விலகியவர்களைக் கேட்டால் கிடைக்கும். ஒரு டீக்கடைப் பேச்சு போதும்.

"கேட்டால் வேலை போய்விடுமே!"

கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எழும். ஐந்தையும் கேட்க எல்லோருக்கும் தைரியம் வராது என்பதும் உண்மை.

ஆனால் கேள்வி கேட்டதற்காகவே துரத்தும் கம்பெனி, தன் பதிலைச் சொல்லிவிட்டது! அங்கே போகாதது நஷ்டம் அல்ல, லாபம்.

ஏற்கனவே சேர்ந்துவிட்ட பையன் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சூடு ஆறாத, ஆவிக்குழாய் அடைக்காத பாய்லருக்குள் இறங்க மறுப்பது கோழைத்தனம் ஆகாது. தொழில் தெரிந்தவனின் முதல் அடையாளம் அதுதான்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கேள்விகளைப் பையன் கேட்கும் வரை காத்திருப்பானேன்? சேர வரும் அன்றே அனுமதிக் காகிதத்தையும், விளக்கையும், பூட்டையும் எடுத்துக் காட்டலாமே! காட்டும் கம்பெனிக்குத் தாய்மாரே பிள்ளைகளை அனுப்பி வைப்பார்கள். அரசாங்கமும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல், வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

பாய்லருக்குப் பயப்படும் கம்பெனிக்குப் பையனை நம்பி அனுப்பலாம். "பயமா? எங்களுக்கா?" என்று மார் தட்டும் கம்பெனிக்கு அனுப்பவே வேண்டாம்!