நீலம் போட்ட போட்டோக்கள்

ஆவடியில் ஏரி உண்டு, ரயில் உண்டு, கடல் கிடையாது. ஆகையால், எதிர் வீட்டுப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைப் பக்கெட்டுக்குள் காமிராவை முக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்க அக்கா. கடலுக்கடியில் போட்டோ எடுக்கப் பழகறேன்" என்றாள்.

கடல் உயிரியல் படிக்கிற பெண் அவள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல், 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பவளப் பாறைகள் இருக்கின்றன. வனத் துறையின் அனுமதி இல்லாமல் அங்கே முழுக முடியாது. கல்லூரிக் குழுவோடு முறைப்படி அனுமதி வாங்கிப் போய், ஏறக்குறைய 15 அடி ஆழத்தில் முழுகி, நூற்றுக்கு மேல் போட்டோ எடுத்து வந்தாள். அவற்றைப் பார்த்த அவள் பாட்டி சொன்னது ஒன்றுதான்:

"என்னடி இது? எல்லாத்தையும் சொட்டு நீலம் போட்டு அலசிட்டியா?"

பாட்டி வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் பேராசிரியர் வேடிக்கை பார்க்கவில்லை. "இதில் எது ஆரோக்கியமான பவளம், எது வெளுத்த பவளம் என்று எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டாராம். கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவள உயிர்கள் தங்களுக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்ணிய பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் அந்தப் பாசியினுடையது. அது போனால் பவளம் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். உடனே செத்துவிடாது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பிழைக்கலாம்; குளிராவிட்டால் பட்டினியால் சாகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இப்படி வெளுப்புக் கண்டது. ஆகவே போட்டோவில் நிறம் சரியாக விழுவது அலங்காரத்துக்காக அல்ல. நோயாளியின் நாக்கைப் பார்க்கிற டாக்டருக்கு வெளிச்சம் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம்.

சரி, ஏன் இந்த நீலம்? சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்குகிறது. 15 அடி போவதற்குள் சிவப்பில் பெரும் பகுதி காலி. இன்னும் கீழே போகப் போக ஆரஞ்சு, பிறகு மஞ்சள். மிஞ்சுவது நீலமும் பச்சையும். நம் சர் சி. வி. ராமன் 1921-ல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பம் மட்டுந்தானா என்று சந்தேகப்பட்டார். கையிலிருந்த சிறிய பட்டகத்தால் நீர்ப் பரப்பின் பளபளப்பை நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழகாகத் தெரிந்தது! தண்ணீரே வெளிச்சத்தைச் சிதற அடிக்கிறது என்று கண்டார். அந்த ஆராய்ச்சிதான் 1928-ல் ராமன் விளைவில் போய் முடிந்தது.

போன சிவப்பைத் திரும்பக் கொண்டுவர வழி? கூடவே வெளிச்சத்தை எடுத்துப் போவதுதான். 1926-ல் அமெரிக்காவின் பிளாரிடாக் கடலில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர், மிதவையின் மேல் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் கடலுக்கடியில் கலர்ப் படம் எடுத்தார்கள். இன்று அவ்வளவு ஆபத்து வேண்டாம். தண்ணீர் புகாத பிளாஷ் விளக்கு, 'ஸ்ட்ரோப்' என்று பெயர், கையடக்கமாகவே கிடைக்கிறது. நம் பெண் மூத்த மாணவி ஒருத்தியிடம் அதை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

பக்கெட் பாடம் அதற்காகத்தான். பாட்டிக்குத் தெரியாமல் தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டாள். பிளாஷைக் காமிராவுக்கு மேலேயே வைத்து ஒரு படம் எடுத்தாள்: ஒரே வெண்திரை! மார்கழி விடியற்காலையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இது புரியும். விளக்கைப் பிரகாசமாகப் போட்டால் பனிதான் பளபளக்கும், பாதை தெரியாது. கடலில் மிதக்கும் தூசும் அப்படித்தான். படம் முழுவதும் பனி கொட்டியது போல் ஆகிவிடும். பிறகு பிளாஷை நீண்ட கையில் மாட்டிப் பக்கவாட்டில் தள்ளி, காமிராவின் முகத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்பினாள். வெளிச்சத்தின் ஓரம் மட்டும் பொருளின் மேல் பட்டது. திரை விலகியது.

இன்னொரு விஷயம், கிட்டே போக வேண்டும். பொருள் 6 அடி தள்ளி இருந்தால், பிளாஷ் வெளிச்சம் போக 6 அடி, வர 6 அடி, ஆக 12 அடித் தண்ணீரைத் தாண்ட வேண்டும். வழியிலேயே சிவப்பு மறுபடி பறிபோய்விடும். 3 அடிக்குள் நெருங்கினால்தான் பலன். காமிராப் பெட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும் என்பதால், பெண் கொண்டையை இறுக முடிந்துகொண்டுதான் பெட்டியை மூடினாள்.

இவ்வளவு பழகியும், இரண்டாம் பயணத்தின் முதல் நாள் எடுத்த படங்களில் பவளமெல்லாம் குங்குமத்தைக் கரைத்துக் கொட்டியது போல் சிவந்து கிடந்தன. இரவு போனில் அழாத குறை. "அனுமதி இன்னும் ஒரே நாள்தான் அக்கா!"

குற்றம் எங்கே என்று அவளே கண்டுபிடித்தாள். ஜவுளிக் கடைக்குள் வாடாமல்லியாகத் தெரிந்த புடவை, வீட்டுக்கு வந்ததும் வேறு நிறமாகப் பல்லிளிப்பதை நாம் அறிவோம். அதனால்தானே கெட்டிக்காரர்கள் வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார்கள்! காமிராவுக்கும் அப்படி, 'இதுதான் வெள்ளை' என்று காட்டிக் கொடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. 'ஒயிட் பாலன்ஸ்' என்பார்கள். பிளாஷ் இல்லாதபோது, கடலடியில் ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டினால், குறைந்துபோன சிவப்பைக் காமிராவே கூட்டிக்கொள்ளும். ஆழம் மாறும்போதெல்லாம் திரும்பக் காட்ட வேண்டும். இவள் பலகையையும் காட்டினாள். அப்புறம் பிளாஷையும் அடித்தாள். மாமியாரும் உப்புப் போட்டு, மருமகளும் உப்புப் போட்ட சாம்பார் கதைதான்! பிளாஷ் அடித்தால், காமிராவைப் பகல் வெளிச்சக் குறியில், சுமார் 5500 கெல்வினில், நிறுத்திவிட வேண்டும். இரண்டில் ஒருவர்தான் உப்புப் போடலாம்.

'ரா' என்னும் சமைக்காத பதிவாக எடுத்து வைத்தால், பிறகு வீட்டில் ஓரளவு திருத்தலாம். ஆனால் காமிராவுக்குள் வந்தே சேராத சிவப்பை எந்தத் திருத்தமும் உண்டாக்காது.

மறுநாள் படங்கள் சரியாக விழுந்தன. பின்னால் கடல் நீலமாகவே இருந்தது. முன்னால் பவளம் தன் சொந்த நிறத்தில். தேன் நிறம், பழுப்பு, இளம் பச்சை. பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு படத்தில் விரல் நின்றது.

"இது மட்டும் ஏண்டி வெளுத்திருக்கு? மறுபடி காமிரா கோளாறா?"

"இல்லை பாட்டி. காமிரா இப்போ சரியாத்தான் இருக்கு. பவளமே வெளுத்துப் போச்சு."

பாட்டி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிழைச்சுக்குமா?" என்றாள்.

"தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கலாம். அடுத்த தடவை போய் இதே இடத்தில், இதே மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்."

"அப்போ இன்னொரு தடவை போயிட்டு வா" என்ற பாட்டி, எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "பக்கெட்டில் பால் விட்டதும் எனக்குத் தெரியும். போனால் போகிறது."