முகம் ஒன்று, வழி இரண்டு

திரையில் நாயகன் தோன்றியதும் கை தட்டுகிறோம். வில்லன் தோன்றியதும் முகம் சுளிக்கிறோம். யார் நல்லவன், யார் கெட்டவன் என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டால்தான் நமக்கு நிம்மதி. பின்னணி இசையே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் இவ்விருவரும் வெவ்வேறு மண்ணில் முளைத்த செடிகளா? இல்லை, ஒரே வேரிலிருந்து பிரிந்த இரு கிளைகள் என்பதே என் கருத்து. நல்ல படங்கள் இந்த உண்மையை மறைப்பதில்லை. அதை உணர்ந்து பார்த்தால், படம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாமல், நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் வாய்ப்பாகவும் அமையும்.

தமிழ்த் திரையுலகம் இதை நெடுநாட்களுக்கு முன்பே கண்டுகொண்டது. 1940-இல் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' வெளிவந்தது. 1958-இல் அதே பெயரில் வந்த படத்தில் சிவாஜி கணேசன் பார்த்திபனாகவும் விக்கிரமனாகவும் நடித்தார். இருவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரட்டையர். முகத்தில் வேற்றுமை இல்லை. இரத்தத்திலும் வேற்றுமை இல்லை. விக்கிரமன் அரண்மனையில் தீய மாமன் நாகநாதனின் கைக்குள் வளர்ந்து கொடுங்கோலன் ஆகிறான். பார்த்திபன் எளியோர் வீட்டில் வளர்ந்து மக்களின் துயர் அறிந்தவன் ஆகிறான். பிறப்பு ஒன்றாக இருந்தும் வளர்ப்பு இருவரையும் வேறாக்கியது.

அந்த நாகநாதனாக நடித்தவர் எம். என். நம்பியார். நம் பாட்டிமார் திரையில் அவரைக் கண்டாலே சபிப்பார்களாம். அவரோ சொந்த வாழ்வில் பல்லாண்டுகள் சபரிமலைக்கு மாலையணிந்து சென்ற குருசாமி. ஒழுக்கத்திற்குப் பெயர் பெற்றவர். முகத்தைக் கொண்டு மனிதரை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்று நம் வயதினர் விரும்பிப் பார்ப்பவை அதிசய ஆற்றல் படைத்த வீரர்களின் படங்கள். அவற்றில் சிறந்தவையும் இதையே கூறுகின்றன. கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய 'தி டார்க் நைட்' 2008-இல் வெளிவந்தது. அதில் பேட்மேனும் ஹார்வி டென்ட் என்ற நேர்மையான அரசு வழக்கறிஞரும் ஒரே பெண்ணை நேசிக்கிறார்கள். ஜோக்கரின் சூழ்ச்சியால் அவள் ஒரே இரவில் இருவருக்கும் இல்லாமல் போகிறாள். இழப்பு ஒன்றுதான். அதன் பிறகு ஒருவன் பிறர் செய்த பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு நகரைக் காக்கிறான். மற்றவன் பாதி முகம் எரிந்த நிலையில், பிறர் உயிரை ஒரு நாணயத்தைச் சுண்டித் தீர்மானிக்கிறான். அந்த நாணயத்தைக் கவனித்தீர்களா? தொடக்கத்தில் அதன் இரு பக்கமும் தலைதான். தீ பட்ட பிறகே ஒரு பக்கம் கருகுகிறது. தீர்மானிக்கும் பொறுப்பைத் தான் ஏற்காமல் நாணயத்திடம் ஒப்படைத்ததே டென்டின் வீழ்ச்சி.

நமக்கு இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021-இல் பேசில் ஜோசப் இயக்கத்தில் வந்த 'மின்னல் முரளி' என்ற மலையாளப் படம் தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. கிறிஸ்துமஸ் காலத்து ஓர் இரவில், ஒரே ஊரில், இருவரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் ஜெய்சன் என்ற தையற்காரன். மற்றவன் ஷிபு என்ற தேநீர்க்கடைப் பணியாளன். இருவருக்கும் ஒரே ஆற்றல் கிடைக்கிறது. ஜெய்சன் ஊரைக் காக்கும் வீரன் ஆகிறான். ஷிபு ஊரை எரிக்கத் துணிகிறான். ஏன் இந்த வேறுபாடு? ஜெய்சனும் பெற்ற தந்தையை இழந்தவன்தான். ஆனால் அவனை வளர்த்த ஒரு குடும்பம் இருந்தது. அவனை நம்பிய ஒரு சிறுவன் இருந்தான். ஷிபுவையோ ஊரார் பைத்தியக்காரன் என்று எள்ளி ஒதுக்கினர். அவனுக்கு இருந்த ஒரே ஆறுதலான பெண்ணும் இல்லாமல் போனாள். நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அந்த ஷிபுவாக நடித்தபோது, வில்லனுக்காகக் கண் கலங்காதவர் சிலரே இருப்பர்.

"அப்படியானால், மனம் புண்பட்டவன் எது செய்தாலும் மன்னித்துவிடலாமா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, கூடாது என்பதே. 2018-இல் வந்த '2.0' படத்தில் பட்சிராஜன் பறவைகளுக்காக இரங்கும் பெரியவர். அவர் கவலை நல்ல கவலை. ஆனால் கைப்பேசி வைத்திருப்போரையெல்லாம் பகைவராக எண்ணிக் கொல்லத் தொடங்கும்போது அந்த நல்ல நோக்கமே கறைபடுகிறது. ஒருவன் ஏன் தவறினான் என்று அறிவது வேறு. தவறு சரியே என்று சொல்வது வேறு. முன்னது இரக்கம், பின்னது கண்மூடித்தனம்.

இதை நம் கடலும் நமக்குக் கற்பிக்கிறது. 1973-இல் நம் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர். சிப்பியின் உடலில் சிறு கீறலிட்டு ஒரு மணியை உள்ளே வைக்கிறார்கள். சில சிப்பிகள் அதன்மேல் படலம் படலமாகப் பூசி முத்தாக்குகின்றன. சில அதை வெளியே தள்ளிவிடுகின்றன. சில இறந்தும் போகின்றன. கீறல் ஒன்றே, விளைவு வேறு. ஆனால் சிப்பிக்குத் தேர்ந்தெடுக்கும் அறிவு இல்லை. நமக்கு உண்டு. நாயகனுக்கும் வில்லனுக்கும் நடுவே உள்ள கோடு அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

இனி, பெண்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய ஒன்றைக் கூற விரும்புகிறேன். ஓர் உள்ளத்தில் நன்மையும் தீமையும் போராடுவதைக் காட்டும் பெருமையைத் திரைப்படங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கே அளித்துள்ளன. 2005-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு 'அந்நியன்' வந்தது, 'சந்திரமுகி'யும் வந்தது. இரண்டிலும் ஒரே உடலில் வேறொருவர் வெளிப்படுகிறார். அம்பிக்குள்ளிருந்து அந்நியன் புறப்பட்டால், சமூகத்தின் குற்றங்களைத் தண்டிக்க வந்தவன் என்று அரங்கம் ஆரவாரிக்கிறது. கங்காவுக்குள்ளிருந்து சந்திரமுகி புறப்பட்டால் அரங்கம் அஞ்சுகிறது. அந்நியனின் சினத்தைப் போலவே சந்திரமுகியின் சினத்திற்கும் ஒரு கொடுமை காரணம். ஆயினும் ஆணின் சினம் நீதியாகிறது. பெண்ணின் சினம் விரட்டப்பட வேண்டிய பேயாகிறது. (உண்மை வாழ்வில் மனநோய் உற்றவர்கள் வில்லர்களும் அல்லர், பேய்களும் அல்லர். அவர்கள் சிகிச்சைக்கும் பரிவுக்கும் உரியவர்கள்.)

1999-இல் வந்த 'படையப்பா'வில் அடக்கமே உருவான வசுந்தரா ஒருபுறம், செருக்கே உருவான நீலாம்பரி மறுபுறம். நடுவில் ஒரு பெண்ணுக்கு இடமில்லை. விளைவு என்ன? வகுப்பில் ஒருத்தி சற்றே துணிந்து பேசினால் போதும், "நீலாம்பரி" என்ற பட்டம் வந்துவிடுகிறது. ஒருநாள் சிடுசிடுத்தால் "வில்லி". அந்தப் பெண்ணின் வீட்டில் அன்று என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை.

பட்டம் எவ்வளவு காலம் ஒட்டிக்கொள்ளும் என்பதை நம் மாவட்டத்தினர் நன்கு அறிவோம். 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. பாஞ்சாலங்குறிச்சியின் வீரத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த அப்படம், எட்டப்பன் என்ற பெயரையும் துரோகி என்ற பொருளில் மேலும் பரப்பியது. இன்றும் காட்டிக் கொடுப்பவனை அப்பெயரால்தான் ஏசுகிறோம். ஆனால் அதே எட்டயபுரத்தில்தான் 1882-இல் மகாகவி பாரதியார் பிறந்தார். அதே ஊரில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடம் இருக்கிறது. ஓர் ஊரையே ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட முடியாது என்றால், பதினைந்து வயதுச் சிறுமியை அடைத்துவிட முடியுமா?

தோழியரே, அடுத்த முறை படம் பார்க்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். இந்த வில்லன் எந்த இடத்தில் வழி மாறினான்? அவ்விடத்தில் அவன் கையைப் பற்ற யாராவது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெற்றோரும் படம் முடிந்ததும் பிள்ளைகளுடன் அமர்ந்து இதைப் பேசலாம். இரவு மன்றாட்டிற்கு முன் ஆன்ம சோதனை செய்யப் பழகிய நமக்கு, நம் உள்ளத்திலும் இருவர் இருக்கிறார்கள் என்பது புதிய செய்தி அன்று. அவர்களுள் யார் பேச வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நாம்தான் தீர்மானிக்கிறோம்.

மின்னல் எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் நம் வகுப்பில் தனியே அமர்ந்திருக்கும் ஒருத்தியின் அருகே சென்று உட்காருவது நம் கையில்தான் இருக்கிறது.