போடிமெட்டைத் தாண்டாத துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அப்பா காலத்தது, இரண்டு குழலும் பக்கம்பக்கமாக இருக்கும். உடும்பஞ்சோலையில் நாலு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவன் அதை எத்தனை முறை வெடிக்கப் போகிறான்? தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும், முடிந்ததும் போய் வாங்கணும், லைசென்ஸ் புதுப்பிக்கப் பைனாவு கலெக்டரேட்டுக்கு அலையணும். வெடித்ததைவிட அது ஜீப்பில் போனதுதான் அதிகம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த பிறகுதான், அலமாரியில் கிடந்த எல்.ஜி. தோட்டாவுக்குக் கொஞ்சம் வேலை வந்தது.

தங்கச்சி மகனுக்கு இப்போது இருபது வயது. பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப் சுட்டதைப் போனில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. “மாமா, தாத்தா துப்பாக்கியிலேயே தட்டு சுடலாமா?” என்றான்.

சுடலாம்தான், ஆனால் தோள் தாங்காது. தட்டு என்பது 110 மில்லிமீட்டர் அகலம், நூறு கிராமுக்குச் சற்று அதிக எடை. பெயரில்தான் களிமண், செய்வதெல்லாம் தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்துத்தான். பதினைந்து மீட்டர் முன்னாலுள்ள குழியிலிருந்து, எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல், அது நூறு கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு, பந்தயத்தில் ஐந்து ரவுண்டு. தட்டு ஒன்றுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். வருடத்துக்கு நாலு வெடி வெடிக்கச் செய்த மூன்று கிலோ துப்பாக்கியை ஒரே நாளில் நூற்றைம்பது முறை வெடித்தால், அடுத்த வாரம் காய் எடுப்புக்கு அவன் கை தூக்க மாட்டான். அதனால்தான் மேலும் கீழுமாகக் குழல் வைத்த ஓவர்-அண்டர். குறி பார்க்கும்போது கண்ணுக்கு முன் ஒரே ஒரு குழல்தான் தெரியும். கீழ்க்குழலின் உதை நேராகத் தோளுக்குள் இறங்கும். குழல் அவ்வளவாக மேலே எகிறாது. இரண்டாவது தோட்டாவுக்கு அதுதான் உதவி.

பழைய ஓவர்-அண்டர் ஒன்று விலைக்கு வருகிறது என்று ஒருவர் சொல்ல, பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு நகரத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயரைத்தான் விற்றார். இத்தாலி, ஜப்பான், துருக்கி என்று நாட்டு வரிசையில் விலை சொன்னார். நான் முன்கட்டையைக் கழற்றச் சொல்லி, குழலைப் பூட்டிக் குலுக்கினேன். பூட்டில் ஆட்டம் இருந்தது. குழலைக் கழற்றித் தொங்கவிட்டு விரலால் தட்டினேன். கோயில் மணிபோல ஒலிக்க வேண்டியது, விரிசல் விட்ட பானைபோலக் கட்டென்றது. நடுப்பட்டையின் பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. கடைசியாகக் கண்ணை மூடித் தோளில் வைத்துப் பிறகு திறக்கச் சொன்னேன். பையனுக்குக் குழலின் பின்பக்கம்தான் தெரிந்தது. கட்டை அவன் கன்னத்துக்குத் தாழ்வு. அந்த விலைக்கு ஒரு பழைய ஜீப் வாங்கலாம். திரும்பி வந்துவிட்டோம்.

பிராண்டு பார்ப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கட்டையின் நீளமும் கன்னம் வைக்கும் உயரமும் சரியாக இருக்கும் துருக்கித் துப்பாக்கி, தோளுக்குப் பொருந்தாத இத்தாலியப் பெரஸியைவிட நாலு தட்டு அதிகம் உடைக்கும். புதுசாக வேண்டுமென்றால் அதற்கும் வழி குறுகல். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய, தேசியப் போட்டியில் தகுதிப் புள்ளி எடுத்துப் பேர் வாங்கியவராக இருக்க வேண்டும். துப்பாக்கி இல்லாமல் புள்ளி எடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் பைனாவிலும் இல்லை, டெல்லியிலும் இல்லை.

துப்பாக்கி ஒரு தடவைச் செலவு. தோட்டா அப்படியில்லை. ஒரு தோட்டாவின் விலை டீயையும் வடையையும் சேர்த்தாலும் தாண்டும். ஒரு நாள் பயிற்சிக்கு நூறு வேண்டும். ஏலக்காய் விலை ஏறிய வருடம் சுடலாம், இறங்கிய வருடம் வேடிக்கை பார்க்கலாம் என்று ஒரு விளையாட்டைக் கற்க முடியாது.

இந்த விளையாட்டில் நமக்குத் தெரிந்த பெயர்களைப் பாருங்கள். ஐந்து ஒலிம்பிக் கண்ட கர்ணி சிங் பிகானீர் மகாராஜா. தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பம். யாரையும் குறை சொல்லவில்லை; உழைக்காமல் யாரும் தட்டு உடைப்பதில்லை. ஆனால் 2004 ஏதென்ஸில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. அவருக்குப் பின்னால் ராணுவம் நின்றது. ராஜாவாக இல்லாதவனுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி எங்கள் ஊர் வில்லங்கம். மலைமேல் ரேஞ்ச் கட்டக் கூடாது என்பது என் கருத்து. ட்ராப் தோட்டா ஒன்றில் 24 கிராம் ரவை. 42 தோட்டா சுட்டால் ஒரு கிலோ ஈயம் மண்ணில். இங்கே பெய்யும் மழைக்கு அது ஏலச்செடிக்கடியில் தங்காது, பன்னியாற்றுக்கு இறங்கும். பரந்த தரிசு கீழே தேனிப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் லைசென்ஸ்களில் பெரும்பாலானவை கேரள எல்லைக்குள் மட்டும் செல்லும். தினமும் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் ஆள் ஏறி வருகிறார்கள், காய் இறங்கிப் போகிறது. துப்பாக்கி மட்டும் போடிமெட்டுச் செக்போஸ்டில் நின்றுவிடும்.

ஆகவே மலிவுத் துப்பாக்கி எது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கிளப்பின் துப்பாக்கி. தேனி அடிவாரத்தில் ஒரு ரேஞ்ச், அதன் பெயரில் கன்னக்கட்டை ஏற்றி இறக்கக்கூடிய இரண்டு ஓவர்-அண்டர், மாணவர்களுக்குச் சலுகை விலையில் தோட்டா. 21 வயதுக்குள் லைசென்ஸ் கிடையாது, ஆனால் கிளப்பில் மேற்பார்வையில் பயிற்சி எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எல்லை தாண்ட வேண்டியது பையன்தான், துப்பாக்கி இல்லை. தமிழ்நாட்டு விளையாட்டுத் துறையும் கேரளத்துத் துறையும் செலவைப் பாதிப்பாதி போட்டால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சுடுவார்கள்.

அதுவரை, தினம் சாயங்காலம் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் தாத்தா துப்பாக்கியின் அறை காலி என்று நான் பார்த்துக் கொடுத்த பிறகு, ஐம்பது முறை தோளில் ஏற்றி இறக்குகிறான். கன்னம் படும் இடத்தில் கட்டைக்கு மேல் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி வைத்திருக்கிறோம். முக்கால் அங்குலம் உயர்த்தினால் அவன் கண்ணுக்குச் சரியாக வருகிறது.