பெட்டிக்கு ஆணி அடிக்குமுன்...

அடையாறு:
"கப்பல்ல ஏத்தியாச்சு, இனிமே என்ன கவலை?" என்று சொல்லும் பட்டறை முதலாளிகள் உண்டு. கவலையே அங்கேதான் ஆரம்பம்!

அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே கிண்டியில் 1958 முதல் தொழிற்பேட்டை. தோலும் தெரிந்த, இயந்திரமும் தெரிந்த ஆட்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஆனால் வெளிநாடு போகும் இயந்திரத்தைச் சோதிப்பது என்றால் சிலருக்கு அது டிபன், காபி, கையெழுத்து. அவ்வளவுதான்!

தோலில் ஒட்டிய சதையைச் சீவும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுழல்வது கத்தி பதித்த உருளை. இங்கே மின்சாரம் நொடிக்கு 50 சைக்கிள். பிரேசிலிலும் சவூதி அரேபியாவிலும் 60. இங்கே நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் சாதாரண மோட்டார், அங்கே 1,700-ஐத் தாண்டும். கத்தி உருளையின் வேகமும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். எதிரே தோலைக் கையால் கொடுப்பவன் ஒரு தொழிலாளி. அவன் கை போனால் யார் பொறுப்பு?

"நல்லாத்தானே ஓடுது சார்!" என்பார்கள். வெறுமனே ஓட்டினால் ஓடத்தான் செய்யும். தோலைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்களா? ஒரு மணி நேரம் கழித்து பேரிங்கைத் தொட்டுப் பார்த்தார்களா? அவசரப் பொத்தானை அழுத்தினால் கத்தி எத்தனை நொடியில் நிற்கிறது?

ஏற்றுமதிச் சரக்கின் தரத்தைச் சோதிக்க 1963-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. பல சரக்குகளுக்குக் கட்டாயச் சோதனை இருந்தது. பிறகு கெடுபிடி தளர்ந்தது. இன்று இயந்திரம் என்றால் பெரும்பாலும் வாங்குபவரே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். லெட்டர் ஆப் கிரெடிட்டில் வங்கி பார்ப்பது காகிதத்தை, இயந்திரத்தை அல்ல. அந்தக் காகிதம் பொய் சொன்னால் ஒரு தடவை பணம் வரும். மறுதடவை ஆர்டர் வருமா?

இதில் ஒரு வேடிக்கை. மரப்பெட்டியில் பூச்சி போகக்கூடாது என்று உலக நாடுகள் விதி வைத்திருக்கின்றன. சூடேற்றும் முறை என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, 30 நிமிடம். முத்திரை இல்லாத பெட்டி துறைமுகத்திலிருந்தே திரும்பி வரலாம். பெட்டிக்குக் கிடைக்கும் மரியாதை உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு வேண்டாமா?

செலவு என்று சாக்குச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் சோதனைக்கு ஆகும் செலவைவிட, கடல் தாண்டி மெக்கானிக்கை அனுப்பும் விமான டிக்கெட் அதிகம். 60 சைக்கிள் மின்சாரம் தரும் கருவியை நாலு பட்டறை சேர்ந்து வாங்கலாம்.

இன்னொன்று. சோதனைக்காரர் வரும்போது முதலாளியும் மானேஜரும் மட்டும் பக்கத்தில் நிற்பது போதாது. இயந்திரத்தைப் பூட்டிய ஃபிட்டரும் நிற்கட்டும். எந்த போல்ட் சரியாக உட்காரவில்லை என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அவனை வாய் திறக்க விடுவார்களா?