யாருக்குப் பயிற்சி வேண்டும்?

'அடிப்படைப் பணித்திறன்' என்றொரு சொற்சேர்க்கை சில ஆண்டுகளாக அரசு அறிவிப்புகளிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் புழங்கி வருகிறது. நேரம் தவறாமை, கூடி வேலை செய்தல், மேலாளரிடம் பேசும் முறை, கணினி அறிமுகம், பாதுகாப்பு விதிகள் என எல்லாமே அதற்குள் அடக்கம். இவற்றைக் கைப்பேசித் திரை வழியாகவே தொழிலாளிக்குக் கற்பித்துவிடலாம் என்பது அதனோடு ஒட்டிப் பிறந்த நம்பிக்கை. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'ஸ்கில் இந்தியா டிஜிட்டல்' தளம் அந்த நம்பிக்கையின் பெரிய வடிவம். அலுவலகத்துக்கும் கடைக்கும் இது உதவலாம். அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் எல்லாத் தொழிலுக்கும் இதுவே பொதுமருந்து என்று சொல்லப்படும்போது, சிவகாசி வட்டாரத்து எம். புதுப்பட்டியில் நின்று பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

முதலில் ஓர் எளிய விஷயம். பட்டாசு ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. தீப்பெட்டி, பீடியோடு சேர்த்து அதுவும் வாசலிலேயே விலக்கப்பட்ட பொருள். விதி சரியானதுதான். அப்படியானால் இணையவழிப் பாடத்தை ஒரு தொழிலாளி எப்போது படிப்பார்? விடியுமுன் சோறு பொங்கி, ஆலை வண்டி ஏறி, மாலையில் திரும்பி, மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, எல்லாரும் உண்ட பிறகு மிஞ்சும் அரைமணி நேரத்தில் படிக்க வேண்டும். அந்த அரைமணிக்குக் கூலி கிடையாது. இத்தனை பெட்டிக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குகிறவரிடம், எண்ணிக்கையில் சேராத நேரத்தைத் தானமாகக் கேட்கிறோம். அதற்குத் 'திறன் மேம்பாடு' என்று பெயரும் வைக்கிறோம்.

இனி விபத்துகளைப் பார்ப்போம். 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்திலும், அதே நாளில் கிச்சநாயக்கன்பட்டியிலும் நிகழ்ந்த வெடிவிபத்துகளில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். ரெங்கபாளையத்தில் மாதிரி வெடிகளை வெடித்துப் பார்த்தபோது தீ பரவியதாகச் செய்திகள் கூறின. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஒரே உரிமத்தைக் காட்டிப் பலருக்கு உள்குத்தகைக்கு விடும் வழக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் எரிந்துபோனார்கள். உரிமம் இடைநிறுத்தப்பட்ட ஆலையில் வேலை நடந்தது என்பது பின்னர் பேசப்பட்டது. இவற்றில் எந்த இடத்தில் தொழிலாளியின் 'அடிப்படைத் திறன்' குறைந்தது? உரிமத்தைக் கூறுபோட்டுக் குத்தகைக்கு விட்டது அவரா? நிறுத்தச் சொன்ன வேலையை நடத்தியது அவரா? எந்த இடத்தில் வெடித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தது அவரா?

தொழிலாளிக்கு ஒன்றும் தெரியாது என்ற முன்முடிவே இந்தச் சொல்லாடலின் அடித்தளம். உண்மை வேறு. அலுமினியப் பவுடரும் பேரியம் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும் என்பதும், மிஞ்சிய மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பதும், உரசல்தான் முதல் எமன் என்பதும் அந்தப் பகுதியில் வேலை செய்து பழகியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியவை அல்ல. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பதும் தெரியும். ஐந்தாவது ஆளாக, ஆறாவது ஆளாக உட்கார வைக்கப்படுகிறவர்களே அவர்கள்தாம். "இந்த அறையில் உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர முடிகிற நிலைமை அவர்களுக்கு இல்லை. தீபாவளி நெருங்க நெருங்க எண்ணிக்கை கூடுகிறது, கை வேகமெடுக்கிறது, உரசல் கூடுகிறது. கூலிமுறை துரத்துகிற கையைக் காணொளி நிதானப்படுத்தும் என்று நம்புவதற்கு மிகுந்த அப்பாவித்தனம் வேண்டும், அல்லது மிகுந்த சாமர்த்தியம் வேண்டும்.

இந்தத் தொழிலின் வரலாறே பயிற்சியின் வரலாறுதான் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, அங்கே தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் சிவகாசி திரும்பினார்கள். வறண்ட கரிசல் பூமியில் ஒரு தொழில்நகரம் உருவானதன் தொடக்கம் அது. அவர்கள் கையைக் காலைக் கொண்டு, தெரிந்தவர் பக்கத்தில் நின்று, நாள் செலவிட்டுக் கற்றார்கள். முதலாளியாகப் போகிறவருக்கு அந்த வழி. கூலிக்கு வருகிறவருக்கு இரவு ஒன்பது மணிக்குத் திரையில் ஓடும் பொம்மைப் படம். இந்த வேறுபாட்டை யாரும் பேசுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. வாசிப்பும் கணக்கும்தான் 'அடிப்படை' என்றால், அவை இல்லாமல் போனது எப்படி? ராஜம் கிருஷ்ணனின் 'கூட்டுக் குஞ்சுகள்' நாவலை வாசித்தவர்களுக்கும், 1990இல் வெளிவந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கும் விடை தெரியும். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஆலைகளுக்கு வண்டியேறிய தலைமுறை அது. குழந்தைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது சிவகாசி வழக்கில்தான். அன்றைய குழந்தைகளுக்கு இன்று நாற்பதும் ஐம்பதும் வயது. அவர்களில் பலர் இப்போதும் இதே தொழிலில் இருக்கிறார்கள். பள்ளியைப் பறிகொடுத்தவர்களிடம், பறிபோனதை உன் சொந்த நேரத்தில், உன் சொந்தக் கைப்பேசியில், உன் சொந்தக் காசில் தேடிக்கொள் என்று சொல்வதைப் பயிற்சி என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

சட்டம் இதைவிட நாகரிகமாக யோசித்திருக்கிறது. போபால் பேரழிவுக்குப் பின், 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளியின் உரிமை. முடிந்த இடத்திலெல்லாம் அது ஆலைக்குள்ளேயே தரப்பட வேண்டும். இல்லையேல் ஆலை நடத்துபவரே அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்துக்குத் தம் பொறுப்பில் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். உடனடி ஆபத்து தெரிந்தால் எச்சரிக்கும் உரிமையையும் அதே திருத்தம் ஆபத்தான செய்முறைகளில் வேலை செய்வோருக்குத் தந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்பு வந்துவிட்டது. பயிற்சியை உரிமை என்று சொன்ன அந்தப் பார்வையாவது தங்க வேண்டும். உரிமையாக இருந்த ஒன்றைத் தொழிலாளியின் கடமையாகத் திருப்பிப் போடும் வேலையை இணையவழிச் சான்றிதழ் சத்தமில்லாமல் செய்துவிடும். விபத்துக்கு மறுநாள் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டி, "பயிற்சி கொடுத்தோம், அவர்தான் கவனிக்கவில்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

பயிற்சியே வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசை நோக்கித் தொழிலைத் திருப்பிய பிறகு, கலவைகள் மாறியிருக்கின்றன. பழகிய கைக்குப் புதிய மருந்து புதிய ஆபத்து. ஆகவே பயிற்சி முன்னைவிட இன்று அவசியம். ஆனால் அது கூலியோடு கூடிய வேலை நேரத்தில், ஆலை வளாகத்தில், அந்தத் தொழிலில் கைபழகிய ஒருவர் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, செய்து காட்டி, கேள்வி கேட்கவிட்டு நடத்த வேண்டிய பயிற்சி. திரை வேண்டுமானால் அதற்குத் துணையாக இருக்கட்டும். அடித்தட்டு மக்களுக்குக் கற்பிப்பதில் நமக்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தையும் கற்றார்கள், சைக்கிளையும் கற்றார்கள். அவர்கள் தெருவுக்கே போய்த் தொண்டர்கள் உட்கார்ந்ததால் அது நடந்தது.

இணையவழிப் பயிற்சியும் இணையவழித் தேர்வும் அவ்வளவு சிறந்தவை என்றால், அவற்றை உரிமம் வைத்திருப்பவரிடமிருந்தும், உள்குத்தகைக்காரரிடமிருந்தும், போர்மேனிடமிருந்தும், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடமிருந்தும் தொடங்கலாம். அவர்களிடம் கைப்பேசி இருக்கிறது, நேரம் இருக்கிறது, எழுத்தறிவும் இருக்கிறது. 'ஓர் அறையில் எத்தனை பேர்?' என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். அவர்கள் தேறிய பிறகு, எம். புதுப்பட்டிப் பெண்களுக்கு எந்தத் திறன் குறைகிறது என்று உட்கார்ந்து பேசலாம்.